பெரியம்மாவின் வியாழக்கிழமைகள்

பெரியம்மா முறைத்துப் பார்த்தால், நின்றுபோன இதயம்கூட "மன்னிச்சுக்கங்க சிஸ்டர், சும்மா கொஞ்சம் கண்ணசந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். அவசர சிகிச்சைப் பிரிவில் முப்பத்தோரு வருடமாக அவர் கையால் பிழைத்தவர்களை வரிசையாக நிறுத்தினால், வரிசை ஊரைத் தாண்டி, கரையைத் தாண்டி, கடலுக்குள் போய்விடும். கடைசியில் நிற்பவர்களுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். இதை நான் அவரிடமே சொன்னேன். சட்டைப் பையிலிருந்து டார்ச்சை உருவி என் இரண்டு கண்ணிலும் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்மணி ஒழுங்காத்தான் சுருங்குது. அப்புறம் ஏண்டி உளர்றே?" என்றார்.

அந்த டார்ச் பேனா அளவுதான் இருக்கும். கட்டிலுக்கு அடியில் விழுந்த கம்மல் திருகாணியைத் தேடக் கேட்டாலும் தரமாட்டார். "அது கண்ணு பாக்குறதுக்கு" என்பார். எந்தக் கண் என்கிற வரைமுறை மட்டும் கிடையாது. ஒருநாள் எரிவாயு உருளை கொண்டுவந்தவரை வாசலிலேயே நிறுத்தி, இமையை இழுத்து, "எத்தனை நாளா மஞ்சளா இருக்கு?" என்று கேட்டார். உருளையோடு வந்த மனிதர் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு போனார். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரும் ஆட்கள் உருளையை வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு, ஓடிவிடுகிறார்கள். மருத்துவமனையில் அவருக்கு 'டார்ச் மேடம்' என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் பேருந்து வருகிற திசையைப் பார்ப்பார்கள். பெரியம்மா முன்னால் நிற்பவரின் கழுத்தைப் பார்ப்பார். மூச்சுக்குச் சிரமப்படுகிறவருக்குக் கழுத்து நரம்பும் தசையும் எழும்பி எழும்பி அடங்குமாம். "முகம் நல்லா நடிக்கும். கழுத்துக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது" என்பார். இப்படிக் கழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்று தவறவிட்ட பேருந்துகளுக்குக் கணக்கே இல்லை.

அவரைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். கதாநாயகி தண்ணீரில் மூழ்கி, கதாநாயகன் அவள் மார்பை அமுக்கி அழுதுகொண்டிருந்தபோது, அரங்கமே மூச்சடைத்து உட்கார்ந்திருந்தது. "முழங்கைய மடக்காதடா! இன்னும் கீழ, நடு எலும்புல வையி! இப்படி அமுக்குனா அவ செத்துத்தான் போவா!" என்று பெரியம்மா எழுந்து நின்று கத்தினார். முன் வரிசையில் ஒருவர் கை தட்டினார்.

பெரியப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். இருவரும் அறிமுகமானதே அவர் தலையில் அடிபட்டு வந்தபோதுதான். தலையில் அடிபட்டவர்களை அரை மணிக்கொரு தடவை எழுப்பி, உங்கள் பெயரென்ன, இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பது வழக்கம். பெரியம்மா அன்றைக்குப் பதினான்கு தடவை கேட்டாராம். "என் பேரை அவ்வளவு ஆசையா அதுக்கு முன்னாடி யாருமே கேட்டதில்ல" என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்வார். பெரியம்மா உடனே, "மூணு தடவை தப்பான கிழமை சொன்னாரு. அதையும் சேத்துச் சொல்லச் சொல்லு" என்பார். சாப்பிடும்போது இருவரும் அன்றைக்குச் சிக்கிக்கொண்டவர்களைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். "உன் ஆளுங்களாவது மயங்கிக் கெடக்குறாங்க. என் ஆளுங்க கதவு தொறந்ததும் என்னைத்தான் திட்டுறாங்க" என்று பெரியப்பா அலுத்துக்கொள்வார். சாப்பிட அவருக்கு அரை மணி நேரமாகும். பெரியம்மாவுக்கு நான்கு நிமிடம், அதுவும் நின்றுகொண்டே.

வேலையில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர் மாதிரி ஒரு நடை, அவ்வளவுதான். "நான் ஓடினா கூட வந்தவங்களும் ஓடுவாங்க. அப்புறம் விழுந்தவங்களுக்கும் சேத்துக் கட்டில் தேடணும்" என்பார். கத்திக் கூப்பாடு போடும் உறவினர் கையில் எதையாவது கொடுத்துவிடுவார். ஒரு வெற்றுக் கோப்பு, ஒரு போர்வை, சில சமயம் நோயாளியின் செருப்பு. "ரெண்டு கையாலயும் பத்திரமாப் பிடிங்க. நான் கேக்குறப்ப குடுக்கணும்." அப்புறம் கேட்கவே மாட்டார். அந்த ஆள் வெற்றுக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் நிற்பார்.

இதெல்லாம் கீழ்த்தளத்தில். இரண்டாவது மாடியில், முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கிவைத்திருந்த அறையில், வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பெரியம்மாவின் வகுப்பு. அவசரப் பிரிவுக்குப் புதிதாக வரும் நர்ஸ்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்தாக வேண்டும். ஒரு கட்டில், இரும்பு அலமாரி இரண்டு, இடது கை இல்லாத ஒரு பொம்மை. பொம்மைக்கு 'வீட்டோட மாப்பிள்ளை' என்று பெயர். எவ்வளவு அமுக்கினாலும் வாய் திறக்காது என்பதால் வைத்தது.

முதல் நாள் பாடம் புத்தகத்தில் இருக்காது. புதிதாக வந்தவளைத் தள்ளுவண்டியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கீழ்த்தளத்தின் நீளமான நடைபாதையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தள்ளச் சொல்வார். அப்புறம் என்ன பார்த்தாய் என்று கேட்பார். ஒழுகின கறை, ஒட்டடை, மினுக்கும் குழல்விளக்கு, குனியாமல் பேசுகிறவர்களின் மூக்குத் துவாரம். "நோயாளிக்கு நம்ம ஆஸ்பத்திரின்னா அவ்வளவுதான். அதனால குனிஞ்சு, கண்ணுக்கு நேரா வந்து பேசுங்க" என்பார். ஒட்டடை அடிக்கச் சொல்லி அவர் எழுதிய கடிதங்களின் நகல் மட்டும் ஒரு தடித்த கோப்பு. அதைத்தான் கத்துகிறவர்கள் கையில் கொடுக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

மற்ற வியாழக்கிழமைகள் எல்லாம் ஒரு தப்பில்தான் தொடங்கும். அந்த வாரம் தான் செய்த தப்பை யாராவது ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். திட்டக் கூடாது, சிரிக்கலாம். யாரும் எழுந்திருக்கவில்லையென்றால் பெரியம்மா தன் தப்பைச் சொல்வார். அவரிடம் நிறைய இருப்பு இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், கணவர் இறந்த செய்தியை ஒரு அம்மாளிடம் சொல்ல நாக்கு எழாமல், "அவர் போயிட்டாருங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு, வெந்நீர்க் குடுவையையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு மாடியேறி, மூன்று தளங்களிலும் ஒவ்வொரு வார்டாக அவரைத் தேடியிருக்கிறார். "இப்போ நான் எதிர்ல உக்காந்து, கையப் புடிச்சுக்கிட்டு, 'இறந்துட்டார்'னே சொல்லிருவேன். சொல்ற எனக்கு வலிச்சாப் பரவால்ல. குடுவையத் தூக்கிட்டு மாடி ஏறக் கூடாது" என்று முடித்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

இந்த வகுப்பில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பத்தாவதில் கணக்கு இரண்டு தடவை என்னைக் கைவிட்டது. மூன்றாவது தடவை தேர்வு நாளில் எனக்குப் பயங்கர வயிற்றுவலி. அம்மா பயந்துபோய் தன் அக்காவுக்குப் போன் பண்ணினாள். பெரியம்மா வந்து, கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்துத் தெருவில் நடந்த சண்டையைப் பற்றி விசாரித்தார். நான் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்தபிறகுதான் அவர் கை அவ்வளவு நேரமும் என் வயிற்றை நாலாபுறமும் அமுக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் கத்த மறந்திருந்தேன். "வலி பொய். ஆனா புரண்ட விதம் மோசமில்ல" என்றார் பெரியம்மா. "வியாழக்கிழமை மூணு மணிக்கு வா. மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியல. நெஜ நோயாளிங்க எல்லாம் பொய் சொல்றாங்க."

அன்றிலிருந்து நான் வகுப்பு நோயாளி. குடித்ததை மறைப்பவள், மாத்திரை விழுங்கியதை மறைப்பவள், படியில் விழுந்ததாகச் சொல்லும் அடிவாங்கிய மனைவி. சரியான கேள்வி வரும்வரை உண்மையைச் சொல்லக் கூடாது. என் வாழ்க்கையில் பொய்க்குச் சபாஷ் வாங்கிய ஒரே இடம் அதுதான். எனக்குப் பிடித்தது சாகிற வேஷம். "நீ சாக எடுத்துக்குற நேரத்துல நாலு பேரைப் பொழைக்க வச்சிரலாம். சீக்கிரம் முடி" என்பார் பெரியம்மா.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். குரல் நூல் மாதிரி வரும் என்பதால் எல்லோரும் அவளை 'மெல்லிசு' என்பார்கள். நான்கு வருடம் விண்ணப்பித்து விண்ணப்பித்து அவசரப் பிரிவுக்கு வந்தவள். அவள் ஊசி போட்டால் குழந்தைகள் அழ மறந்துவிடும். பெரியம்மா ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான். "அப்புறம் வியாழக்கிழமை இவளுது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "மேடம், எனக்குக் குரலே வராதே" என்றாள் மெல்லிசு. "உன் குரலக் கேக்கணும்னா எல்லாரும் வாய மூடித்தான் ஆகணும். நல்லதுதானே?" என்றார் பெரியம்மா.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேருந்து நிலையத்தில் ஒத்திகை வைத்தார்கள். இரண்டு பேருந்துகள் மோதிக்கொண்டதாகப் பாவனை. அடிபட்டவர்களாக இருபது பேர் படுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு வண்ண அட்டை. சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டியவர், மஞ்சள் சற்றுப் பொறுக்கலாம், பச்சை நன்றாகவே காத்திருக்கலாம், கறுப்பு இறந்தவர். அட்டைகளை எண்ணி மாட்டும் பொறுப்பு மெல்லிசுக்கு. ரத்தம் செய்யும் பொறுப்பு எனக்கு. சாயப்பொடியையும் பசையையும் கலந்து நான் செய்த ரத்தத்தைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்தது பச்சை அட்டை. 'கணுக்கால் சுளுக்கு' என்று போட்டிருந்தது. ஊரே ரத்தத்தில் மிதக்கும்போது எனக்குக் கணுக்கால் சுளுக்கு! மெல்லிசு நகர்ந்ததும் அட்டையைக் கழற்றினேன். ஓரமாக ஒரு தூணில் சாய்ந்து, காக்கிச் சட்டையில் ஒரு ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பொத்தானில் என் சுளுக்கை மாட்டிவிட்டேன். உதிரி அட்டைக் கட்டிலிருந்து ஏற்கெனவே சுட்டு வைத்திருந்த கறுப்பு அட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் அரைக் கிண்ணம் ரத்தம் ஊற்றி, நடுவில் போய் அழகாகச் செத்துப்போனேன்.

விசில் ஊதியது. நர்ஸ்கள் வந்தார்கள். ஓட்டுநர் எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தார். முதலில் வந்தவள் அவர் அட்டையைப் பார்த்து, "பச்சை, சுளுக்கு" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனாள். இரண்டாவது வந்தவளும் அப்படியே. பின்னால் குறிப்பேட்டோடு பெரியம்மா வந்தார். ஒரு நொடி நின்று, "யாருப்பா இவரு? வேர்வைகூட அசல் மாதிரியே இருக்கே" என்று மெச்சினார். அப்படியே நடந்து போனார்.

செத்தவளுக்குக் காது கேட்டது. வேர்வையா? நான் அவருக்கு ஒன்றுமே பூசவில்லையே? ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் சட்டை முழுக்க நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது. வாய் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. தூங்குகிறவர் முகம் அப்படி இருக்காது.

"பெரியம்மா!" என்று கத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். "அவருக்கு நான் வேர்வை பூசல!"

வேடிக்கை பார்த்த கூட்டம், பிணம் பேசியதில் இரண்டடி பின்வாங்கியது. பெரியம்மா திரும்பி வந்தார். அன்றைக்கும் ஓடவில்லை. புறங்கையை ஓட்டுநரின் நெற்றியில் வைத்தார். டார்ச்சை அடித்தார். "ஒத்திகைய நிறுத்துங்க. இது நெஜம்" என்றார். விரல் நுனியில் குத்திப் பார்த்ததில் ரத்தத்தில் சர்க்கரை முப்பத்தெட்டு. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டவர், சாப்பிட மறந்துவிட்டு முதல் நடை ஓட்டிவந்திருக்கிறார். காவலுக்கு நின்ற ஆம்புலன்ஸிலிருந்து மருந்து வந்தது. மெல்லிசு ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள். குளுக்கோஸ் ஏறியது.

ஐந்தாறு நிமிடத்தில் ஓட்டுநர் கண் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். ரத்தம் வழிய இருபது பேர். பக்கத்தில் கண்ணாடி உடைந்த மாதிரி அலங்கரித்த இரண்டு பேருந்துகள். "என் வண்டியா?" என்று கேட்டார். "இவங்கல்லாம் என் வண்டில வந்தவங்களா?"

அவர் முகத்தில் அறைந்துகொள்ளக் கையைத் தூக்கினார். பெரியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பி, அந்தப் பேருந்து நிலையமே அதிர, "எல்லாரும் எந்திரிங்க! எந்திரிச்சு நின்னு அண்ணனுக்கு டாட்டா காட்டுங்க!" என்றார்.

எலும்பு முறிந்தவர்கள், வெந்தவர்கள், செத்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கையை ஆட்டினோம். குடல் வெளியே வந்த ஒரு கல்லூரி மாணவர் குடலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் ஆட்டினார். ஓட்டுநர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரையும் எண்ணி முடித்த பிறகுதான் அழுதார்.

அன்றைக்கு நான் பெரிய ஆளாகிவிட்டேன். போலீஸ்காரர் கை கொடுத்தார். மருத்துவமனைக்குத் தலைவரான பெரிய டாக்டர் என் முதுகில் தட்டி, கையில் ஒட்டிய சிவப்பைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே பாராட்டினார். திங்கட்கிழமை அவரே ஒரு கேள்வி கேட்டார். உண்மையான நோயாளி மீது பச்சை அட்டை எப்படி வந்தது? அட்டைகளுக்குப் பொறுப்பு யார்? பட்டியலில் மெல்லிசின் பெயர் இருந்தது. சரியான விளக்கம் இல்லையென்றால் அவளை அவசரப் பிரிவிலிருந்து எடுத்துவிடப் போவதாகப் பேச்சு அடிபட்டது.

செவ்வாய்க்கிழமை சொல்லிவிடலாம் என்று பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவர் நின்றுகொண்டு சாப்பிட்டார். நான் பெரியப்பாவோடு லிஃப்ட் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். புதன்கிழமை போகவே இல்லை. சொன்னால் வியாழக்கிழமை வராதே என்று சொல்லிவிடுவார். எனக்கு உருப்படியாகச் செய்யத் தெரிந்த ஒரே வேலை அது.

வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கு எனக்குத் தெருவில் மயங்கிக் கிடந்த பெண் வேஷம். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். பெரிய டாக்டர் வந்து வாசலோரம் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"இந்த வாரத் தப்பு என்னுது" என்று பெரியம்மா தொடங்கினார். "ஒரு ஆளைப் பாத்தேன். வேர்வை நல்லாருக்குன்னு பாராட்டிட்டு ஏழடி தாண்டிப் போனேன். அட்டையப் படிச்சேன், ஆளைப் படிக்கல. அட்டைய யார் மாட்டியிருந்தாலும் அந்த ஏழடி என்னுதுதான்."

"அதெல்லாம் சரி சிஸ்டர்" என்றார் பெரிய டாக்டர். "மாட்டுனது யாரு? எனக்கு அது தெரியணும்."

ஒரு நாற்காலி நகர்ந்தது. "இருபதுதான் ஸார் எண்ணிக் குடுத்தேன்" என்றது மெல்லிசின் குரல். எல்லோரும் மூச்சை அடக்கினால்தான் அது கேட்கும், அடக்கினார்கள். "எப்படி அங்க போச்சுன்னு தெரியல. ஆனா என் பொறுப்பு. தப்பு என்னுதாத்தான் இருக்கும்."

"அப்படின்னா நாளைலேர்ந்து கண் வார்டுக்குப் போயிடும்மா. நான் எழுதிடுறேன்." பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு நிமிஷம் ஸார்" என்றார் பெரியம்மா. "நோயாளியப் படுக்க வச்சிட்டு நாம பேசிட்டே இருக்கோம்."

அவர் நடந்து வருவது கேட்டது. என் மணிக்கட்டில் மூன்று விரல் வந்து உட்கார்ந்தது. மற்றவர்கள் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவார்கள். பெரியம்மா முழு நிமிடமும் எண்ணுகிறவர். அந்த ஒரு நிமிடம் என் பத்தாம் வகுப்பைவிட நீளமாக இருந்தது.

"நூத்தி முப்பத்தெட்டு" என்றார். பிறகு குனிந்து, என் காதுக்கு நேராக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார். "மயங்கிக் கெடக்குற பொண்ணுக்கு எதுக்குடி இந்த ஓட்டம்?"

கண்ணைத் திறந்தேன். அவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. என் மணிக்கட்டை விடாமல், இன்னொரு கையை மட்டும் கட்டிலுக்கு அடியில் நீட்டினார். நான் மூலைக்கொன்றாக உதறியிருந்த செருப்புகள் இரண்டையும் இழுத்து, இறங்கினால் கால் படுகிற இடத்தில், வாசலோரம் உட்கார்ந்திருந்த பெரிய டாக்டரைப் பார்க்க ஜோடியாக வைத்தார்.